வயிற்றோடு நிற்காத வியாதி

தன் வியாதி வயிற்றோடு நின்றுவிட வேண்டும் என்பதில் என் அப்பாவுக்கு அப்படியொரு பிடிவாதம். இதில் மருத்துவம் ஒன்றும் இல்லை. வயிற்றோடு நின்றால் அது அவருடைய சொந்த விஷயம். உடம்பு முழுக்க ஓடுகிற ரத்தக் குழாய்களின் வியாதி என்றால், கூடப் பிறந்த சித்தப்பாவுக்கும் அது இருக்கலாம். இருக்கலாம் என்றால் அவரிடம் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டும் என்றால் பேச வேண்டும். அப்பா சித்தப்பாவோடு பேசி வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. "அவங்கிட்ட பேசறதுக்கு நான் செத்தே போவேன்" என்பார். செத்துப்போகப் போவது அவரா, சித்தப்பாவா என்பதுதான் எங்கள் வீட்டில் அப்போது எழுந்து நின்ற கேள்வி.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். கல்யாணமான பிறகும் கள்ளிக்குப்பத்தில் அப்பா வீட்டுக்கு அடுத்த தெருவில்தான் குடித்தனம். அப்பா ஆவடியில் ராணுவத்துக்குச் சாமான் செய்கிற தொழிற்சாலையில் லேத் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உழைப்பாளி, கோபக்காரர், சிகரெட் பிரியர். கோபத்தை மட்டும் எனக்குக் கொடுத்தார். எனக்கு வாய் நீளம் என்று தெருவே சொல்லும். அதை ஒரு குறையாக நான் என்றைக்கும் நினைத்ததில்லை.

அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்ததே என் கல்யாணத்தில்தான். எண்பதுகளின் கடைசி. அப்போது நாங்கள் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். எங்கள் வரிசையில் திருநெல்வேலிக்காரர், வேலூர்க்காரர், தஞ்சாவூர்க்காரர் என்று தமிழ்நாடே குடியிருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு முறை. ஒரு வீட்டில் செவ்வாய்க்கிழமை பத்திரிகை வைத்தால் வாங்க மாட்டார்கள். இன்னொரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நின்றால்தான் வாங்குவார்கள். அப்பாவும் அம்மாவும் வெற்றிலைத் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்கினார்கள். ஒருத்தர் மனசும் கோணக் கூடாது என்பதில் அப்பா அவ்வளவு கவனம். பாரிவாக்கத்தில் இருக்கும் சொந்தத் தம்பிக்குப் போகவேண்டிய வாரத்தில் தொழிற்சாலையில் ஓவர்டைம் வந்துவிட்டது. "அவன் நம்ம பையன்தானே, அவனுக்கு இன்னா முறை?" என்று பத்திரிகையைத் தபாலில் போட்டுவிட்டார்.

அவ்வளவுதான். ஊரானுக்கெல்லாம் தட்டு, உடன்பிறந்தவனுக்குத் தபாலா என்று சித்தப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. வராதவனுக்கு என் வீட்டில் என்ன வேலை என்று அப்பா முறுக்கிக்கொண்டார். நடுவில் நான் மணவறையில் உட்கார்ந்துகொண்டு மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் என்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்துச் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வரைக்கும் மிதித்த மனிதர் அவர். அன்றைக்கு எனக்கு வந்த அழுகையைப் பார்த்து, பெண் பிறந்த வீட்டைப் பிரிகிறாளே என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். நான் அழுதது சித்தப்பாவுக்காக.

தொண்ணூறுகளில் அப்பாவுக்கு முதுகுவலி வந்தது. லேத்தில் நின்று நின்று வந்த வலி என்று அவரே தீர்மானித்து, அவரே தைலம் வாங்கி, அம்மாவைத் தேய்க்கச் சொன்னார். தேய்த்துத் தேய்த்து அம்மாவுக்குக் கைவலி வந்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரு டாக்டர் அவரைப் படுக்கவைத்து வயிற்றில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை. தொப்புளுக்கு மேலே ஏதோ திடும் திடும் என்று தூக்கிப் போட்டது எனக்கே கண்ணில் தெரிந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்திலிருந்து கீழே இறங்கும் பெருந்தமனி, வயிற்றுக்குள் ஒரு இடத்தில் பலூன் மாதிரி உப்பியிருந்தது. வெடித்தால் ஆஸ்பத்திரிக்குப் போகவே நேரம் இருக்காது என்றார்கள்.

பட்டணத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. உப்பிய இடத்தைத் திறந்து, துணியில் நெய்த குழாய் ஒன்றை உள்ளே வைத்துத் தைத்தார்கள். நெஞ்சுக்குக் கீழே ஆரம்பித்து அடிவயிறு வரை தையல். அப்பா பிழைத்தார். அம்மா ஆஸ்பத்திரி வாசலிலேயே தேங்காய் உடைத்து வாட்ச்மேனிடம் திட்டு வாங்கினாள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று சர்ஜன் வந்தார். தலை நரைத்த, அதிகம் பேசாத மனிதர். "கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல சார்" என்றார் அப்பா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வயிற்றைக் கிழித்துத் தைத்து இன்னும் நிமிர்ந்து உட்காரக்கூட முடியாத ஆள், அந்த நிலையிலும் தம்பியை இல்லாமல் ஆக்கிவிட்டார். "இருக்காரு டாக்டர். ஒரு தம்பி. பாரிவாக்கத்துல" என்றேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையில் மாத்திரைக் குப்பியே வெடித்திருக்கும்.

"அவரையும் ஒரு ஸ்கேன் எடுத்துக்கச் சொல்லுங்க. இது சில குடும்பத்துல அண்ணன் தம்பிங்களுக்குச் சேர்ந்து வருது" என்று சொல்லிவிட்டு சர்ஜன் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

டாக்ஸியில் வரும்போதே நான் ஆரம்பித்துவிட்டேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "என் வயித்துல வந்துது, எட்தாச்சு, தெச்சாச்சு. எவன் வயித்துல இன்னா கீதுன்னு நான் இன்னாத்துக்குக் கேக்கணும்?" என்றார். போதாக்குறைக்கு எங்கள் தெருமுனை டாக்டர் வேறு. தையல் பிரித்த பிறகு காய்ச்சலுக்கு ஊசி போட வந்த இடத்தில் அப்பா அவரைக் கேட்டிருக்கிறார். அவரும், "அந்த ஒரு இடத்துல வீக்கம், அதைச் சரி பண்ணியாச்சு, அது லோக்கல் ப்ராப்ளம்" என்று சொல்லிவைத்தார். சும்மா இருந்தவர் கையில் ஆயுதத்தைக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. அன்றிலிருந்து அப்பாவுக்கு அதுவே மந்திரம்.

"டாக்டரே சொல்ட்டாரு. லோக்கலு!" என்பார் என்னைக் கண்டதும்.

"வயித்துல ஓடற குழாயும் கால்ல ஓடற குழாயும் ஒண்ணுதானேப்பா. ஒரே ரத்தம் ஓடுது, ஒரே சிகரெட் புகை போச்சு. ஒரு இடம் மட்டும் எப்படிக் கெட்டுப்போகும்?"

"நீ டைப் அடிக்கிற வேலையப் பாரு."

எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் சாக்கு தெரியும். அப்பா ரத்தக் குழாயைப் பற்றிப் பேசவில்லை, தம்பியைப் பற்றித்தான் பேசுகிறார் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. இவரை நம்பிக் காத்திருந்தால் ஆகாது என்று ஒரு சனிக்கிழமை கம்பெனிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பூந்தமல்லி பஸ் ஏறினேன். அங்கிருந்து பாரிவாக்கத்துக்கு ஒரு ஆட்டோ.

சித்தப்பா பூந்தமல்லியில் ஒரு லாரி ஷெட்டில் மெக்கானிக். அப்பாவைவிட ஒல்லி. அப்பாவுக்கு சிகரெட் என்றால் இவருக்கு பீடி. என்னைப் பார்த்ததும் முகம் அப்படியே மலர்ந்தது. "வாம்மா, வா. இன்னா இப்டி இளைச்சுப் பூட்ட? உம் மாமியா சோறு போட்றாளா இல்லியா?" என்றுவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். சின்னம்மா கலர் சோடா வாங்கிவர ஆள் அனுப்பினாள். நான் சோடாவைத் தொடாமல் விஷயத்தைச் சொன்னேன். அப்பாவின் வயிறு, ஆபரேஷன், சர்ஜன் கேட்டது, எல்லாம். ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு பீடி பற்றவைத்தார்.

"நல்லாக் கீறானா இப்ப?"

"நல்லா இருக்காரு."

"அவன்தான் உன்ன அனுப்ச்சானா?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வராது, அதுதான் என் தலையெழுத்து. "இல்ல சித்தப்பா. நானாத்தான் வந்தேன்" என்றேன்.

முகம் சட்டென்று மூடிக்கொண்டது. "அப்ப எனக்கு ஒன்னியும் இல்ல. கல்லு கணக்கா கீறேன். அவன் சோறு வேற, என் சோறு வேற."

"சோறு வேறதான். ரத்தம் ஒண்ணுதானே?"

"அது அவனுக்குத் தெரியணும்ல? தெரிஞ்சிருந்தா தபால்காரன் கையில குட்த்து அனுப்ச்சிருப்பானா? இப்ப எனக்கு சாவு வருதுன்னா அத்தக்கூட அவன் வந்து சொல்ல மாட்டான், பொண்ணதான் அனுப்புவான். போய்ச் சொல்லு. என் வாசல்ல வந்து நின்னு அவன் வாயால கூப்பிடட்டும். போட்ட சட்டையோட கெளம்பி வரேன்."

"உள்ள வெடிச்சா அதுக்கு முறையெல்லாம் தெரியாது சித்தப்பா" என்று கத்திவிட்டேன். கத்திய கையோடு எழுந்தும் வந்துவிட்டேன். இரண்டு பேரும் ஒரே அச்சில் வார்த்த தலை. ஒரு தலையில் முட்டிவிட்டு வந்து இன்னொரு தலையில் முட்டிக்கொள்கிறேனே என்று எனக்கு என் மேலேயே ஆத்திரம்.

சின்னம்மா ரோடு வரைக்கும் என் பின்னாலேயே ஓடி வந்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "அவருக்கும் முதுகு வலிக்குதுங்கறாரும்மா. குனிஞ்சா நிமிர முடியல. லாரிக்கு அடியில படுக்கறதால வர்ற வலின்னு சொல்லிக்கினு கீறாரு" என்றாள். அப்பா லேத்தைச் சொன்னார், இவர் லாரியைச் சொல்கிறார்.

நேரே அப்பாவிடம் போய், சித்தப்பா சொன்னதையும் சின்னம்மா சொன்னதையும் அப்படியே சொன்னேன். கையிலிருந்த பேப்பரை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். "முதுகுவலி ஊர்ல எவனுக்குத்தான் இல்ல?" என்றார். ஆனால் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. அதை ஒரு டாக்டரும் கண்டுபிடிக்கவில்லை. என் அம்மாவின் வசவுதான் கண்டுபிடித்தது.

சாயங்காலம் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டு டிவி பார்ப்பார். மேலே போட்ட வலது கால் ஆடிக்கொண்டே இருக்கும். எங்கள் வீடுகளில் உட்கார்ந்தபடி காலாட்டினால் அந்த வீட்டுக்கு மூதேவி வந்து சேர்வாள் என்று பயம். குழந்தைகள் ஆட்டினால் தொடையில் அடி விழும். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததிலிருந்தே அப்பாவின் அந்தக் காலுக்காக அம்மா வாய் ஓயாமல் வைதுகொண்டிருந்தாள். ஆபரேஷன் வந்ததற்குக்கூட அந்தக் கால்தான் காரணம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள்.

அன்றைக்கும் அப்படித்தான். "யோவ், எத்தினி வாட்டி சொல்றது? கால ஆட்டாத, ஆட்டாதன்னு. இந்த ஊடு உருப்படணுமா வாணாமா?"

"நான் எங்கடி ஆட்றேன்?"

"நீ ஆட்டாம, பின்ன பேயா ஆட்டுது?"

"ஆமா, பேய்தான் ஆட்டுது. போவியா!"

"செருப்பு கய்ண்டு வுழற அளவுக்கு ஆட்டிக்கினு பேச்சப் பாரு!"

"சத்தியமா சொல்றேன்டி, நான் ஆட்டல. அதுவா ஆடுது!"

அப்பா எதற்கும் சட்டென்று சத்தியம் செய்கிற ஆள் இல்லை. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து அந்தக் காலைப் பார்த்தேன். பொழுது போகாமல் காலாட்டுகிறவர்கள் படபடவென்று ஆட்டுவார்கள். இது அப்படி இல்லை. நிதானமாக, ஒரே சீராக, பாதம் மேலே எழும்பி எழும்பி இறங்கியது. எழுந்து போய் அப்பாவின் மணிக்கட்டில் விரலை வைத்தேன். நாடி ஒரு தட்டு தட்டும்போது பாதம் ஒரு தூக்கு தூக்கியது. விடாமல் ஒவ்வொரு தட்டுக்கும்.

என் காலையும் அப்படிப் போட்டுப் பார்த்தேன். லேசாக, பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு அசைந்தது. அம்மாவுக்கும் அப்படித்தான். யாருக்குமே கொஞ்சம் அசையும் போலிருக்கிறது. அப்பாவுக்கோ காலையே தூக்கியது. முழங்காலுக்குப் பின்னால், மடிப்பில் கையை விட்டேன். உள்ளே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஏதோ ஒன்று என் விரல்களைத் தள்ளித் தள்ளி விலக்கியது. வயிற்றில் பார்த்த அதே துடிப்பு.

"அப்பா, உங்க லோக்கலு முட்டிக்கு வந்துருச்சு" என்றேன். அம்மா அந்த இடத்திலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, இத்தன நாளா அந்தக் காலப் போய் வஞ்சனே!" என்று அழுதாள். அப்பாதான் அவளைச் சமாதானப்படுத்தினார்.

இரண்டாம் நாளே பட்டணத்து ஆஸ்பத்திரி. சர்ஜன் முழங்காலுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தார், ஸ்கேன் பார்த்தார், இன்னொரு காலையும் பார்த்தார். அப்பா அவரை விடவில்லை. "சார், இதுவும் லோக்கல்தானா?" என்று கேட்டார். சர்ஜனுக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் முழுக் கதையையும் சொன்னேன், தபாலில் போன பத்திரிகை உட்பட. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"வியாதி வயித்துலதான் இருந்துச்சுன்னு நீங்க நினைச்சிட்டீங்க. வயித்துல முதல்ல தெரிஞ்சுது, அவ்வளவுதான்" என்றார். "டிராயர்ல எலாஸ்டிக் இருக்கில்ல? அது ஒரு இடத்துல முதல்ல தொய்ஞ்சு போகும். அதுக்காக மத்த இடம் புதுசுன்னு அர்த்தமா? எல்லாம் ஒரே எலாஸ்டிக்தானே. உங்க குழாய்ச் சுவருக்கும் அந்த மாதிரி இழுவை போயிடுச்சு. உங்க ஸ்கேனைப் பார்த்தா, உப்பாத இடத்துலகூட குழாய் இருக்க வேண்டியதைவிட அகலமா இருக்கு."

"எல்லாருக்குமே இப்படி உடம்பு முழுக்கத்தான் இருக்குமா டாக்டர்?" என்று நான் விடாமல் கேட்டேன்.

"எல்லாருக்கும்னு சொல்ல மாட்டேன்மா. சில பேருக்கு வயித்தோட நின்னுடுது. அது ஏன்னு எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் உண்டு. கொழுப்பு படிஞ்சு குழாய் அடைக்குதே, அந்த வியாதியும் இதுவும் ஒண்ணுதான்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டிருந்தோம். இப்ப அதுல நிறைய பேருக்குச் சந்தேகம். அது அடைக்குது, இது உப்புது. ரெண்டுக்கும் சிகரெட்னா ரொம்பப் பிடிக்கும், அது மட்டும் நிச்சயம். ஆனா ஒருத்தருக்கு வயித்துலயும் முட்டிக்குப் பின்னாலயும் ரெண்டு இடத்துல வந்திருக்குன்னா, நான் இனிமே இடத்தைப் பார்க்க மாட்டேன், ஆளையே பார்ப்பேன். ஆளோட கூடப் பிறந்தவங்களையும் பார்ப்பேன்."

தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற டாக்டரை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்ததே அதனால்தான்.

முட்டியில் இருப்பது வெடிப்பதைவிட அடைத்துக்கொள்வதுதான் அபாயம், அடைத்தால் காலையே எடுக்க வேண்டி வரும், அதற்குள் தொடையிலிருந்து ஒரு ரத்தக் குழாயை எடுத்து மாற்றுவழி போட்டுவிடலாம் என்றார். "நாளைக்கே அட்மிட் ஆயிடுங்க."

அப்பா தன் காலைத் தடவிக்கொண்டார். "நாளைக்கு ஒரு ஊருக்குப் போவணும் சார். போய்ட்டு வந்துடறேன்" என்றார்.

"எந்த ஊருக்கு?"

"பாரிவாக்கம்."

மறுநாள் காலையில் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கூடத்தில் நின்று, "தட்டு எங்கடி?" என்று கேட்டார். அம்மா பித்தளைத் தட்டைத் துலக்கி, வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம், ஒரு முழம் பூ எல்லாம் வைத்துத் துணிப்பையில் போட்டுக் கொடுத்தாள். நான் பஸ்ஸெல்லாம் வேண்டாம் என்று வாசலிலேயே ஆட்டோவை நிறுத்தினேன். போகிற வழியெல்லாம் வயல்களில் மனைக்கல் நட்டிருந்தார்கள். ஒரு காலத்தில் தானும் தம்பியும் கூலிக்கு நாற்று நட்ட இடம் என்று அப்பா ஒன்றிரண்டைக் காட்டினார்.

சித்தப்பா வாசலில் குந்தி, சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஆட்டோவிலிருந்து இறங்குகிறவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கையில் எண்ணெய்ச் சொம்பு. அப்பா கிட்டே போகவில்லை. தெருவில் நின்றபடியே பையிலிருந்து தட்டை எடுத்து, வெற்றிலையைச் சரியாக அடுக்கி, பழத்தை நேராக நிறுத்தினார். பழம் நிற்கவே இல்லை. நான் போய் உதவலாமா என்று நினைத்தேன். வேண்டாம் என்று நின்றுவிட்டேன்.

படிக்கட்டு வரை வந்து தட்டை நீட்டினார். ஆயுசுக்கும் அவருக்குத் தெரிந்தது கல்யாணத்துக்கு அழைக்கிற பேச்சு மட்டும்தான்.

"தம்பி" என்றார். "நீ குடும்பத்தோட வந்து, இருந்து... ஸ்கேன் எடுத்துக்கணும்."

வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அங்கே யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சித்தப்பா எண்ணெய்க் கையை லுங்கியில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், அழுக்குப் போகவில்லை. அந்தக் கையாலேயே இரண்டு கையும் நீட்டித் தட்டை வாங்கினார்.

"ஏன்ணா," என்றார், "இத்த அன்னிக்கே செஞ்சிருந்தா ஆவாதா?"

"நம்ம பையனாச்சேன்னு நெனச்சுட்டேன்டா. உனக்கு இன்னா முறைன்னு நெனச்சுட்டேன்."

"நம்ம பையன்றதாலதான்ணா எனக்கு வலிச்சுது. மத்தவனுக்கு இன்னா வலிக்கும்?"

சின்னம்மா தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். அழுவதற்குத்தான். அப்பா வாசற்படி ஏறினார். "சட்டையக் கய்ட்டு. படு" என்றார்.

"இன்னாத்துக்கு?"

"படுடா கஸ்மாலம்!"

வருஷக்கணக்கில் கேட்காத திட்டு. சித்தப்பா மறுபேச்சு பேசாமல் கயிற்றுக் கட்டிலில் படுத்தார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, அன்று அந்த டாக்டர் தன் வயிற்றில் வைத்த மாதிரியே, அழுத்தாமல் உள்ளங்கையை விரித்துத் தொப்புளுக்கு மேலே வைத்தார். நான் அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவே வேண்டியிருக்கவில்லை. கன்னம் இரண்டும் தொங்கிப்போய் ஒரே நொடியில் பத்து வயது கூடிய மாதிரி ஆகிவிட்டது.

"இன்னாண்ணா?" என்றார் சித்தப்பா, மேலே பார்த்தபடி.

"ஒன்னியும் இல்ல. எந்திரி. ஆட்டோ நிக்குது, போலாம்."

ஸ்கேனில் சித்தப்பாவின் வீக்கம் அப்பாவுடையதைவிடப் பெரிதாக இருந்தது. சர்ஜன் படத்தைப் பார்த்துவிட்டு அப்பாவின் காலைத் தள்ளிப்போட்டார். முதலில் தம்பி, அப்புறம் அண்ணன் என்று முடிவாயிற்று. சித்தப்பாவை ஸ்ட்ரெச்சரில் உள்ளே கொண்டுபோகும்போது, "பயப்படாத. எனக்கே ஒன்னும் ஆவல" என்று அப்பா கூடவே கதவு வரைக்கும் போனார். சித்தப்பா கதவு மூடும் வரை தலையைத் திருப்பி அண்ணனையே பார்த்துக்கொண்டு போனார்.

காலையில் உள்ளே போனவர், மத்தியானம் தாண்டியும் செய்தி இல்லை. அம்மாவும் சின்னம்மாவும் கையைக் கோத்துக்கொண்டு ஒரே பெஞ்சில். அப்பா உட்காரவே இல்லை, உட்காரச் சொன்னால் எரிந்து விழுந்தார். எனக்கு நல்ல நினைப்பைத் தவிர வேறு எதையும் நினைக்கப் பிடிக்கவில்லை. சித்தப்பா வருவார் என்று எல்லோரிடமும் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொல்ல ஒருத்தி வேண்டியிருந்தது.

சர்ஜன் வெளியே வந்தார். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நல்லபடியா முடிஞ்சுது" என்றார். சின்னம்மா அவர் காலில் விழப் போனாள், தடுத்துவிட்டார். பிறகு அப்பாவிடம் திரும்பி, "நல்லவேளை கூட்டிட்டு வந்தீங்க. சுவர் காகிதம் மாதிரி இருந்துச்சு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா எங்க கைக்கு வந்திருக்காது" என்றார்.

அப்பா சுவரில் சாய்ந்தபடியே தரையில் இறங்கி உட்கார்ந்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கொன்னுருப்பேன்மா. எந் தம்பிய நானே கொன்னுருப்பேன்" என்று வாய்விட்டு அழுதார். தொழிற்சாலையில் விரல் நசுங்கிய அன்றுகூட அழாத மனிதர். நான் அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு அப்பா நிமிர்ந்தார். "இதோட முடிஞ்சுதா சார் அவனுக்கு?"

"அந்த இடம் முடிஞ்சுது. மத்தபடி உங்களை மாதிரிதான் அவரும், குழாயெல்லாம் அதே குழாய். ரெண்டு பேரும் ஆயுசுக்கும் கவனமா இருக்கணும். பீடி, சிகரெட் தொடக் கூடாது. வருஷா வருஷம் ஸ்கேன். வயித்துல, கால்ல எங்கயாவது துடிச்சாலோ வலிச்சாலோ உடனே வரணும்" என்றார் சர்ஜன். "இதையெல்லாம் வீட்டுல யாராவது கூட இருந்து பார்த்துக்கணும். யார் பார்த்துப்பீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

"அவன நான் பாத்துக்குவேன். என்ன அவன் பாத்துக்குவான்" என்றார். "இனிமே எங்க ரெண்டு பேர்ல ஒருத்தன் பேசலன்னா, அவன் செத்துட்டான்னு அர்த்தம் சார்."